கட்டில் பக்கத்து பிளக்

இப்போதெல்லாம் யாரும் எந்தத் தொழிலையும் கற்றுக்கொள்வதில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் எவனோ ஒருத்தன் செய்வதைப் பார்த்துக்கொண்டே தானும் செய்ய வேண்டியது. இனிமேல் பல் பிடுங்குவதுகூட அப்படித்தான் நடக்கும் என்று கிழவருக்குத் தோன்றியது. கேட்டால் "ஈஸி மாமா" என்பார்கள்.

அவருடைய மாப்பிள்ளையும் அப்படித்தான் சொன்னார். பேங்கில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற மனுஷன். லீவு நாளும் அதுவுமாக, மாமியாரின் அறையில் லைட் ஸ்விட்சைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

மாமியாருக்கு, அதாவது கிழவரின் மனைவிக்கு, நுரையீரல் சரியில்லை. மூக்கில் குழாயோடு இருக்கிறாள். பக்கத்தில் காற்று மெஷின் ராப்பகலாக ஓடவேண்டும். நின்றால் பத்தே நிமிஷத்தில் உதடு கறுத்துவிடும். அந்த அறையில் பிளக் கிடையாது. ஹாலிலிருந்து ஒரு நீள ஒயர் வாசற்படி தாண்டி வந்தது. போன வாரம் அதில் கால் தடுக்கி விழுந்தாள். முழங்கையில் இன்னும் நீலம் மாறவில்லை. அதனால்தான் ஸ்விட்சிலிருந்து கட்டில் பக்கம் ஒரு புது பிளக்.

"எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க மாப்ள."

"அவன் வந்து நாலு ஒயரை முறுக்கிட்டுப் போவான் மாமா. அந்த நாலு ஒயர் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு போன்ல அவன் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"அப்பா!" என்றாள் மகள், சமையலறையிலிருந்து. வாயை மூடு என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள்.

மாப்பிள்ளை ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டார். கிழவர் அதைப் பார்த்தார். நேரே மீட்டர் பலகைக்குப் போய் அந்த அறைக்குக் கரண்ட் விடும் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். படிப்பு மூணாங்கிளாஸ், லாரிப் பட்டறையில் முப்பது வருஷம். வண்டிக்கு அடியில் ஆள் படுத்திருந்தால் சாவி அந்த ஆள் பையில் இருக்கவேண்டும். அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்; வீட்டில் எல்லோரும் நூறு தடவை கேட்டது.

"அப்போ கட்டை என் பையிலதானே இருக்கணும்?" என்றார் மாப்பிள்ளை.

"உங்களை நம்பினா உங்ககிட்டயே குடுத்திருப்பேன்."

ஹாலில் மெஷினோடு உட்கார்ந்திருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் சுவரில் தூசி பறந்தது. பெட்டிக்குள் நியூட்ரல் ஒயரும் எர்த் ஒயரும் ஏற்கெனவே இருந்தது மாப்பிள்ளையின் அதிர்ஷ்டம். பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு ஒயர்தான் மிச்சம்; அதை ஸ்விட்சின் ஒரு திருகில் மாட்டினார். பீஸ் கட்டை பலகைக்குத் திரும்பியது. லைட் எரிந்தது. மனைவியைக் கட்டிலில் படுக்க வைத்து மெஷினைப் புது பிளக்கில் சொருகினார்கள். உர்ரென்று ஓடியது. மகள் கைதட்டினாள். மாப்பிள்ளை பழைய ஒயரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

"என்ன மாமா, வாயே காணோம்?"

கிழவர் அறையை விட்டு வெளியே நடந்தார். நடக்கும்போது கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. அப்பா கை பட்டால் சூரியனே அணைஞ்சிடும் என்று மகள் கிண்டல் செய்கிற கை அது.

லைட் அணைந்தது. மெஷின் கூவென்று கத்திவிட்டு நின்றது.

"அப்பா! எதுக்குக் கைய வெச்சீங்க!" மகள் ஓடிவந்து ஸ்விட்சைத் தட்டினாள். மெஷின் மறுபடி ஓடியது. மாப்பிள்ளை ஒரு டேப்பைக் கிழித்து ஸ்விட்சின் மேல் ஒட்டினார்.

"இதை யாரும் தொடக்கூடாது. முடிஞ்சது விஷயம்."

"லைட் எரிஞ்சா அவ தூங்கமாட்டா."

"கண்ணுல துணி போட்டுக்கட்டும்."

"நான் மறந்து அணைச்சேன்னா?"

"மறக்காதீங்க."

"என் பொண்டாட்டி உசிரை டேப்பு ஒட்டித்தான் காப்பாத்துவீங்களா?"

கட்டிலில் இருந்தவள் கையை உயர்த்தினாள். "ரெண்டு பேரும்... தெருவுல போய் அடிச்சுக்குங்க. இல்லேன்னா என்னைப் பழைய ஒயர்லயே மாட்டுங்க."

கிழவர் டேப்பைப் பிய்த்தார். மெஷினும் மனைவியும் திரும்ப ஹாலுக்கு. பீஸ் கட்டை திரும்பப் பைக்கு.

"லைட்டுக்குப் போற திருகுல மாட்டியிருக்கீங்க. உள்ள கரண்ட் வர்ற திருகுல மாட்டுங்க. சாவியை எடுத்தாலும் லாரியில பின் விளக்கு எரியுதில்ல, அது எப்படி?"

மாப்பிள்ளை போனை எடுத்தார். வீடியோவைப் பின்னுக்குத் தள்ளினார். மூன்றாவது நிமிஷத்தில் அந்த ஆள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதைப் பார்க்கலையா?"

"இழுத்துக்கிட்டே பேசினான். தள்ளி ஓட்டிட்டேன்."

திருகை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. காது சிவக்க வேலை செய்தார் மாப்பிள்ளை. கட்டை பலகைக்குப் போனது, மனைவி மறுபடி படுத்தாள், மெஷின் ஓடியது. கிழவரே லைட்டை அணைத்தார். ஓடியது. போட்டார், அணைத்தார், போட்டார். அது பாட்டுக்கு ஓடியது.

"இப்பவாவது நம்புவீங்களா?"

"மொதத் தடவையும் இப்படித்தான் ஓடுச்சு."

லைட்டை அணைத்துவிட்டு வெளியே வந்தார். குப்பைக்கூடையிலிருந்து பழைய ஒயரை எடுத்து, வேட்டியில் தூசி தட்டி, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். "அதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். அவர் திரும்பவில்லை.