காய்க்கு மேல் இரண்டு சென்டிமீட்டர்

அக்கா ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் தலைமைச் சமையல்காரி. தங்கையை அடக்கி வைத்துப் பழகியவள். அவள் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் மூச்சு விடத்தான் சின்னவள் தனி அறை பிடித்தாள்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஞாயிறு மதியம் வருவாள். சமைத்து வைத்திருக்க வேண்டும். வாயில் வைக்க முடியாவிட்டால் சின்னவள் பெட்டியோடு அக்கா வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் சின்னவள் சூப் என்று முடிவு செய்தாள். காரட், பீன்ஸ், கோஸை ஒரே அளவில் நறுக்கினாள். வெங்காயம் தக்காளியோடு வதக்கித் தண்ணீர் விட்டு, ஆறு கிராம் உப்பை நிறுத்துப் போட்டாள். காய் வெந்ததும் பாஸ்தா. அளவுகோலை விட்டுப் பார்த்தாள்: காய்க்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நீர். குறித்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்ன அக்கா ஒன்றரைக்குத்தான் வந்தாள். அதுவரை பாஸ்தா சும்மா இருக்குமா? குடித்துக் குடித்து உப்பியது. அது மேலே வர வர, அதற்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நிற்கும்படி சின்னவள் வெந்நீர் ஊற்றினாள். பாத்திரம் நிறைந்ததும் பெரிய பாத்திரத்துக்கு மாற்றினாள். ருசி மட்டும் பார்க்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது; ஐந்து வருஷப் பழக்கம்.

"என்னடி, ஊரையே கூப்பிட்டிருக்கியா?"

"சூப்புக்கா."

"அப்ப கரண்டி ஏன் நட்டுக்கிட்டு நிக்குது?"

"பாஸ்தா கொஞ்சம் வளந்துடுச்சு."

"பெத்த பிள்ளைகூட இவ்வளவு வேகமா வளராதுடி."

அக்கா ஒரு வாய் வைத்தாள். சின்னவளின் பார்வை கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிக்குப் போனது.

"உப்பு?"

"ஆறு கிராம்."

"எதுக்கு, மொதப் பாத்திரத்துக்கா?"

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அக்கா கிண்ணத்தைக் காலி செய்தாள்.

"எங்க வார்டுல இதையேதான் குடுக்கறோம். உப்பில்லாம, கொழைய வேகவெச்சு. ஒருத்தரும் செத்ததில்ல. நீ பொழச்சுக்குவ."

"அப்ப ரூமு?"

"வெச்சுக்கோ. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து. எனக்கு ஒருத்தி ஆக்கிப் போட்டு எத்தனை வருஷமாச்சு! இனி ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இங்கதான் சாப்பாடு."

சின்னவள் ஊற்றினாள். மூச்சு விட இனி வாரத்தில் ஆறு நாள்தான். புறப்படும்போது அக்கா வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி சூப் கேட்டாள். நிரப்பிக் கொடுத்தாள் சின்னவள். கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பு, கிராம் கணக்கில் நிறுத்து.