கீழுதட்டின் இடது ஓரம்

...விரலால் தொடக் கூடாது, பஞ்சுக் குச்சியால் லேசாக ஒற்ற வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், காலையில் டாக்டரம்மா சொன்னதெல்லாம் மனப்பாடம்தான், பிறகு ஏன் இந்தக் கை களிம்பின் மூடியைத் திறக்கவே தயங்குகிறது, பெயிண்ட் கடையில் நாள் முழுக்க வண்ணம் கலந்தும் ஒரு சொட்டு சிந்தாத கை, மகளின் உதட்டில் மிளகளவு கொப்புளத்தைப் பார்த்துப் பயந்து சாகிறது. குளியலறைக் கண்ணாடி முன் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், ஆறு வயது. கீழுதட்டின் இடது ஓரம்... அவன் மனைவிக்கும் அங்கேதான் வரும். காய்ச்சலடித்தால், வெயிலில் அலைந்தால், தூக்கம் கெட்டால் உடனே எட்டிப் பார்க்கும், 'வந்துட்டாரு விருந்தாளி' என்று இதே கண்ணாடியில் சிரிப்பாள், சிரித்தால் வெடிக்கும், ஐயோ என்பாள், மறுபடி சிரிப்பாள், அது ஆறும்வரை பிள்ளையை விட்டுத் தள்ளிப் படுப்பாள். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தபோது விருந்தாளி போகவே இல்லை, உடம்பில் விரட்டத் தெம்பில்லை, குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், முத்தம் மட்டும் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், இவன் காவல்காரன் ஆகிவிட்டான், வாசலிலேயே நில்லு, கையாட்டு, போதும். இரண்டு கையையும் நீட்டிய மனைவியிடம், 'ஆறட்டும், அப்புறம் ஆசை தீரக் கொஞ்சிக்கலாம்' என்றான். ஆறுவதற்குள் அவள் போய்விட்டாள். சரியாகத்தானே செய்தான், எல்லாம் சரியாகத்தான்... பெற்றவளின் கடைசி முத்தத்தைப் பிள்ளைக்கு இல்லாமல் செய்த பாவி.

ஆனால் டாக்டரம்மா கேட்டாரே, "வீட்ல யாருக்காவது இது வருமா? முத்தத்துல ஒட்டியிருக்கும். கிருமி உள்ளயே மாசக்கணக்கா தூங்கும், காய்ச்சல் வந்தா முழிச்சுக்கும். ஆறிடும், பயப்படாதீங்க. கண்ணுல மட்டும் கை வைக்காம பாத்துக்கோங்க." முத்தமா, நான் விடவே இல்லையே என்று அங்கேயே சொல்ல வாயெடுத்தான். அப்படியென்றால் இது எங்கிருந்து...

"அம்மா உனக்கு ஆஸ்பத்திரில முத்தம் குடுத்தாங்களா?"

கண்ணாடிக்குள்ளிருந்து அவனைப் பார்த்தாள். "திட்ட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"நீங்க மாத்திரை வாங்கப் போனீங்கள்ல, அப்போ. நான்தான் கட்டில்ல ஏறினேன். வேணாம் வேணாம்னாங்க, அப்புறம் குடுத்துட்டாங்க. அப்பாகிட்ட சொல்லாதன்னாங்க."

அடிப் பாவிகளா, இருவரும் சேர்ந்து என் கண்ணில் மண்ணைத் தூவினீர்களா, நல்லவேளை தூவினீர்கள், அன்று மருந்துக் கடையில் கூட்டம் இருந்தது, இன்னும் கொஞ்சம் கூட்டம் இருந்திருக்கக் கூடாதா... அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. இந்தக் களிம்பைப் பூசினால் கொப்புளம் போய்விடும், உள்ளே இருப்பது ஆயுசுக்கும் போகாதாம், அதையும் டாக்டரம்மா சொன்னார். பூசத்தான் வேண்டுமா...

"போடுங்கப்பா, எரியுது."

பூசினான். கை துடைத்துக்கொள்ள அவளுக்கென வைத்த தனித்துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, தாங்க முடியாமல் அவள் முகத்தருகே குனிந்தான். சின்னக் கை அவன் வாயை மூடியது.

"ஆறட்டும்ப்பா, அப்புறம் கொஞ்சிக்கலாம்."

நெற்றியில் தரலாமே கண்ணு, நெற்றியில் ஒன்றும் இல்லையே, என்று சொல்ல வந்தவன் நின்றுவிட்டான். அன்று பிள்ளையை வாசலில் நிறுத்தியபோது கட்டிலில் கிடந்தவளின் நெற்றியிலும் ஒன்றும் இருக்கவில்லை.