நான்கு மூலைக்கு நான்கு பேர்

ஐயாவுவின் சவப்பெட்டி ஈப்போ புந்தோங் வீட்டு வாசலில் மூன்று மணி நேரமாகியும் தரையைவிட்டு எழவில்லை. பதினாறு ஆண்கள் கைகொடுத்துப் பார்த்தார்கள். கார் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சங்கிலி இரண்டாக அறுந்தது. கச்சாங் பூத்தே என்னும் வறுத்த கடலை விற்ற ஐயாவு ஐம்பத்திரண்டு கிலோதான் இருந்தான், அதுவும் நோய் வருவதற்கு முன்பு.

திமோத்தி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். சிம்பாங் பூலாய் கல்குவாரியில் லாரி ஓட்டுபவன். ரப்பர் தோட்டத்தை மூடிய வருடம் டவுனுக்கு வந்த அவனும் ஐயாவுவும் பத்தொன்பது வருடம் இதே வீட்டில்தான் வாழ்ந்தார்கள். "சொந்தக்காரங்க மட்டும்தான் லா. நீ ரூம்மேட், அங்கேயே நில்லு," என்று ஐயாவுவின் அண்ணன் இராமசாமி காலையிலேயே சொல்லிவிட்டார்.

கடைசியில் திமோத்தி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தான். அந்த மூலை மட்டும் தலையணைபோல் எழுந்தது. மற்ற மூன்றையும் இராமசாமியின் மகன்கள் பிடித்து இழுத்தும் அசையவில்லை. பெட்டி யாருடைய கைகளுக்குக் காத்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"நான் ரூம்மேட் இல்ல அண்ணே. நான் இவன் வீட்டுக்காரன், இவன் என் வீட்டுக்காரன்," என்றான், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு கூட்டத்தைப் பார்த்தான். "எங்கள மாதிரி இங்க இன்னும் இருக்கீங்க, எனக்குத் தெரியும். மூணு மூலை பாக்கி. யாரு வாரீங்க?"

பள்ளி பஸ் ஓட்டும் எல்ஸிதான் முதலில் வந்தாள். வேலை போகும் என்று தெரிந்தே வந்தாள், மறுநாள் போயிற்று. உருமி அடிக்க வந்திருந்த ஷர்வின் உருமியைக் கழற்றி வைத்தான். நான்காவது மூலைக்கு வெகு நேரம் ஆள் இல்லை. அப்புறம் கோயில் செயலாளர் கார்த்திகேசு, வயது அறுபத்தொன்று, மூன்று பிள்ளைகளின் தகப்பன், செருப்பைக் கழற்றினார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

பெட்டி எழுந்தது. வேன் வேண்டாமென்று நால்வரும் மின்சுடலைவரை நடந்தார்கள். கோப்பிக்கடையிலிருந்து எவனோ கிளாஸை வீசினான். ஷர்வினின் நெற்றி கிழிந்தது. அவன் தோள் மாற்றவில்லை.

அடுத்த ஞாயிறு திமோத்தி வீட்டில் பதினொரு பேர் கூடினார்கள். சங்கம் பதிய மூன்று முறை மனு போட்டார்கள், மூன்றும் திரும்பின. பெயர்ப்பலகை இல்லாமலே கூடினார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களோடு போலீஸ் நிலையத்துக்குப் போய், பதில் வரும்வரை நகராமல் நின்றார்கள்.

ஈப்போவில் இப்போது பெட்டி எழாத வீட்டில் யாரும் திகைப்பதில்லை. திமோத்திக்கு போன் போடுகிறார்கள். போன மாதம் சிலிபினில் ஒரு டீச்சர் இறந்தபோதும் போட்டார்கள்.

"வாரோம் லா," என்றான் அவன். "டீச்சரோட இருபது வருஷம் குடும்பம் நடத்துன மங்களம் அக்கா பின்வாசல்ல நிக்கிறாங்களாம். முதல்ல அவங்கள உள்ள கூட்டிட்டு வந்து தலைமாட்டுல உக்கார வைங்க."

உட்கார வைத்தார்கள்.