போர்ட் ஒஃப் ஸ்பெயினிலிருந்து இரண்டாவது அழைப்பு

1

இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு மனிதர் என் வீட்டுக்கு வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமலேயே கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “தம்பி, நீர் கதை எழுதுறனீர்தானே. எனக்கு ஒண்டு எழுதித் தாரும்” என்றார். கல்யாண வாழ்த்துமடல், வீட்டுச் சொந்தக்காரனுக்கு முறைப்பாட்டுக் கடிதம், குடிவரவுக்காரருக்கு விளக்கக் கடிதம் எல்லாம் என்னிடம் எழுதுவித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கதை கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

பெயர் பத்மநாதன். வயது ஐம்பத்திரண்டு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பதினாலாம் மாடி வீட்டில் தனியே இருக்கிறார். பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை. அவருடைய ஒரே மகள் நிலாணி, பதினேழு வயதில், 1996 பெப்ரவரியில், பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்போடு திரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரத்துக்கு ஒரு வாரப் பயணம் போனாள். உயிரோடு திரும்பி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைத்து உங்களை அழவைக்கும் கெட்டித்தனம் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதைக் காட்ட வெட்கமாக இருக்கிறது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கதையிலையாவது நான் அந்த ரெலிபோன் கோலை எடுக்கவேணும்.”

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“கரீபியன் கடலின் நீலம் நிலாணியின் கண்களில்—” (நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. அது போதாதென்று, அந்த நகரம் ஒரு வளைகுடாவின் கரையில்தான் இருக்கிறது என்று நூலகத்து அட்லஸ் சொல்லிற்று. இரண்டாவது சொல்லிலேயே பொய்.)

“அன்று ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.” (இப்படித் தொடங்கிய என் கதைகள் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டாவது வேண்டாம்.)

“பத்மநாதன் வீட்டுத் தொலைபேசியில், மறுப்புத்தான் மகிழ்ச்சியான செய்தி.” இதை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். இது ஏன் உண்மை என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

3

எண்பதுகளின் கடைசியில் யுத்தத்துக்குத் தப்பி எங்கள் ஊரிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டவர்கள் நேரே வந்து இறங்கவில்லை. ஏஜென்சிக்காரன், அதாவது ஆள் அனுப்பும் தரகன், அவர்களை மொஸ்கோவிலோ பாங்கொக்கிலோ மாதக்கணக்கில் அறையில் அடைத்துவைத்திருப்பான். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற செய்தி வந்து சேரும் இடம் பத்மநாதன் வீட்டுச் சமையலறைத் தொலைபேசி. அவர் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

வருவதெல்லாம் கலெக்ற் கோல். எடுக்கிறவர் பணம் கட்டவேண்டிய அழைப்பு. ஒப்பரேற்றர் முதலில் நகரத்தின் பெயரைச் சொல்லுவாள். பிறகு அழைக்கிறவரின் பெயரைச் சொல்லுவாள். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பாள். எங்களுடைய ஆட்கள் அங்கே சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. மொஸ்கோ சேர்ந்தவன் முருகேசு, பாங்கொக் சேர்ந்தவன் பாக்கியநாதன் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். முருகேசு என்று கேட்டதும் பத்மநாதன் “நோ, தாங்க்யூ” என்று மறுத்துவிடுவார். செலவில்லாமல் செய்தி வந்துவிட்டது. சிக்கலில் மாட்டியவன் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்லுவான். சொந்தப் பெயர் வந்தால் கட்டாயம் எடுக்கவேண்டும்.*

அவர் மறுத்துவிட்டுச் சிரித்தால், மேசையில் படம் கீறிக்கொண்டிருக்கும் சின்ன நிலாணி தலை நிமிராமலே, “ஆர், அப்பா, வந்து சேந்திட்டினம்?” என்று கேட்பாளாம். தாயில்லாத அந்த வீட்டில் அந்தக் கேள்வி எத்தனையோ முறை கேட்கப்பட்டிருக்கிறது.

* நானும் 1989இல் ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலாக, பாக்கியநாதனாக இருந்தவன். ஆறாவது கிழமை, கூட்டி வந்தவன் ஓடி ஒளிந்துவிட்டான் என்று தெரிந்தபோது, என் சொந்தப் பெயரைச் சொன்னேன். பத்மநாதன் அண்ணை எடுத்தார். நான் இன்று வெதுவெதுப்பான அறையில் இருந்து தொடக்கங்களை அடித்துக்கொண்டிருப்பது, அன்று அவர் என் பெயரைக் கடைசி எழுத்துவரை கேட்டதால்தான்.

4

இனி நிலாணி. அவளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று முறை கண்டிருக்கிறேன். முதல் பிரதியில் அவளுக்கு நீளப் பின்னலும் அமைதியான சுபாவமும் கொடுத்திருந்தேன். பத்மநாதன் வாசித்துவிட்டு, அவளுடைய தலைமயிர் தோளுக்கு மேலேதான், வாயும் சும்மா இருக்காது என்றார். பின்னலை வெட்டிவிட்டேன்.

ஓவிய ஆசிரியை திரினிடாட்டில் பிறந்தவர். கார்னிவல் திருவிழாவுக்கு முந்திய கிழமை அந்த நகரம் எப்படித் தன்னைத் தானே செய்துகொள்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பது அவருடைய பல வருடக் கனவு. பதினொரு பிள்ளைகள். அருங்காட்சியகத்தில் ஒருநாள். மரத்தில் சரிகைபோல் செதுக்கிய பழைய வீடுகளை வரைவதற்கு ஒருநாள். எண்ணெய்ப் பீப்பாவை அடித்தடித்து வாத்தியமாக்குகிற முற்றத்தில் ஒரு பின்னேரம். கடைசி நாட்கள் ஒரு கார்னிவல் உடைப் பட்டறையில். அங்கே கம்பியை வளைத்து ஆளுயரச் சிறகுகள் கட்டுவார்கள். நிலாணிக்கு அந்தக் கம்பி வேலையில்தான் முழு மனமும்.

பத்மநாதன் விடுவதாக இல்லை. அவளுக்குச் சின்னனிலிருந்தே முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் மார்பு விசில் அடிக்கும். கூடவே ஒரு பயம். எங்களுக்கு விமானநிலையம் என்றாலே பிடிபடுகிற இடம். அவள் இரண்டு நாள் கெஞ்சினாள், மூன்றாம் நாள் கோபித்தாள். நாலாம் நாள் படிவத்தை அவருடைய தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, நாங்கள் எல்லா இடத்துக்கும் ஓடித்தானே போனனாங்கள். பாக்கிறதுக்கெண்டு ஒரு இடத்துக்கும் போகேல்லை.”

அவர் கையெழுத்து வைத்தார். நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் முட்டு வருத்தத்தைக் கொட்டை எழுத்தில் எழுதினார். மருந்தை உறிஞ்சும் பம்பு இரண்டு வாங்கி, ஒன்றைப் பைக்குள்ளும் மற்றதை அவள் சட்டைப் பையிலும் வைத்தார். அவள் கையில் இருந்தது ஏஜென்சிக்காரன் தராத முதல் பாஸ்போர்ட். போய்ச் சேர்ந்ததும் கலெக்ற் கோல் எடுத்து, ‘சுகம்’ என்று பெயர் சொல்லுவேன் என்றாள். ஏதும் பிரச்சினை என்றால் ‘நிலாணி’. பழைய வழக்கத்தைத் தானும் ஒருமுறை செய்து பார்க்கும் ஆசை அவளுக்கு.

5

(இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர் சொன்னபடியே வைக்கிறேன்.)

வெள்ளிக்கிழமை மாலை முதல் அழைப்பு வந்தது. போர்ட் ஒஃப் ஸ்பெயின் என்றாள் ஒப்பரேற்றர். மிஸ் சுகம் என்றாள். பத்மநாதன் மறுத்துவிட்டு, ஆளில்லாத சமையலறையில் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த நாள் வேலையிடத்தில் எல்லாருக்கும் இதைச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணி பத்து நிமிடம். வேலையால் வந்து சட்டையை ஒரு கையில் கழற்றியபடி எடுத்தார். போர்ட் ஒஃப் ஸ்பெயின் என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. வாய் தன் பாட்டில் “நோ, தாங்க்யூ” என்றது. கை தன் பாட்டில் ரிசீவரை வைத்தது. பிள்ளை திரும்பவும் சுகம் சொல்லுறாள் என்று நினைத்தார்.

அரிசி களையும்போதுதான் தோன்றியது. தான் பெயரைக் கேட்கவில்லை. ஒப்பரேற்றர் அதைச் சொல்லத் தொடங்கவே இல்லை, அல்லது சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வைத்துவிட்டார்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். அது அடிக்கவில்லை. பிள்ளைகள் தங்கியிருந்த விடுதியின் இலக்கம் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. எடுக்கலாமா என்று இரண்டு முறை எழும்பினார். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கு வெட்கமாக இருக்குமே என்று இருந்துவிட்டார்.

புதன்கிழமை காலை வந்தது கலெக்ற் கோல் அல்ல. ஆசிரியை தன் செலவில் எடுத்திருந்தார். இரவு மூச்சுத் திணறியிருக்கிறது, பம்பு கேட்கவில்லை, ஆசிரியையே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார், அங்கே முடிந்ததெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல இந்தக் கதையில் இடமில்லை. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் பத்மநாதன் அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பாரே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

“அவளின்ரை மூச்சைக் கேட்டாலே எனக்குத் தெரியும் தம்பி” என்றார். “ரெண்டு வசனம் கதைச்சிருந்தால் காணும், பிடிச்சிருப்பன்.”

6

எழுத்தாளன் என்றால் விசாரிக்க வேண்டும் என்று நினைத்து விசாரித்தேன். தொலைபேசிக் கொம்பனி, மறுத்த அழைப்புகளுக்குப் பதிவு கிடையாது என்றது. அவளுடைய படம் கீறும் கொப்பி பயணப் பெட்டியோடு திரும்பி வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் துணி போர்த்தாத கம்பிச் சிறகு ஒன்று. (இதைக் குறியீடாக்கும் ஆசை வந்தது. அது ஒரு பட்டறையில் இருந்த சிறகு. அவ்வளவுதான்.)

அந்தப் பயணத்தில் போன முர்ஷிதா என்ற பிள்ளையை அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தேன். நிலாணியின் சிநேகிதி. இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலாணி பட்டறைக்கு வெளியே இருந்த தொலைபேசிக்குத் தனியே போனாளாம். “ஐ வாஸ் பிஸி, நான் ஸ்பொஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தன் அங்கிள். அவ திரும்பி வந்து, அப்பா எடுக்கேல்லை எண்டு சொல்லிச் சிரிச்சவ. எண்ட்… தட்ஸ் இற்.”

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் பல நாட்கள் இருந்தேன். ‘சுகம்’ என்று சொன்னவளும் அப்படிச் சிரிப்பாள். ‘நிலாணி’ என்று சொன்னவளும், சிநேகிதிக்கு முன்னால் முகம் வாடாமல் அப்படியே சிரிப்பாள்.

(பத்மநாதன் அண்ணை, இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீங்கள் வாசிக்க வேண்டாம். இதை உங்களிடம் வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவள் இருமினாளா என்று முர்ஷிதாவிடம் கேட்டேன். கொஞ்சம், என்றாள். அங்கே பசை மணம், எல்லாரும் இருமினோம், என்றாள். இதை எழுதாமல் விட்டால் கதை பொய். எழுதினால் நீங்கள் வாசிப்பீர்கள். வேண்டாம் என்று நான் சொன்னாலும் வாசிப்பீர்கள் என்று தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.)

7

முடிவு அ. பத்மநாதன் எடுக்கிறார். நிலாணி கம்பி வளைப்பதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறாள். அவர் அவளுடைய மூச்சில் விசிலைக் கேட்கிறார். ஆசிரியையைக் கூப்பிடு என்கிறார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை விமானநிலையத்தில் அவள் ஒரு—

இதைப் பிரதி எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கேட்டது இதைத்தானே. இரண்டு நாள் கழித்து, நான்காக மடித்துக் கொண்டுவந்து தந்தார். “உது வேறை ஆற்றையோ பிள்ளை தம்பி. வடிவாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனால் என்ரை பிள்ளை வரேல்லை.”

முடிவு ஆ. ஒப்பரேற்றர் சொல்லவிருந்த பெயர் ‘சுகம்’. பின்னேரம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். வருத்தம் இரவில்தான் வந்தது. அவர் மறுத்தது பழைய முறைப்படி சரியே. இதையும் வாசித்தார். இம்முறை என் மேசையிலேயே இருந்து, விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு, “அப்பிடியெண்டால் நான் கதைக்காமல் விட்டது சரியெண்டு வருது. சுகம் எண்டு சொன்னாலும் நான் கதைச்சிருக்கலாம். பதினேழு வயசுப் பிள்ளை முதல்முதல் ஒரு ஊரைப் பாத்திட்டு எடுத்திருக்கு” என்றார்.

முடிவு இ. அந்தப் பெயர் ‘நிலாணி’. இதை ஒரே மூச்சில் எழுதினேன். என் எழுத்தில் மிக நல்ல பக்கங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். அவருக்குக் காட்டவில்லை. கிழித்துவிட்டேன். கிழித்ததைப் பற்றிப் பெருமையடிக்கவில்லை; ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

கடைசியாக அவர் வந்தபோது, உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் அண்ணை என்று நேரடியாகக் கேட்டேன். இப்போதும் தொலைபேசி அடித்தால் தான் ஓடிப்போய் எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்பதாகவும், மறுபக்கத்தில் இருப்பவர்கள் லைன் பழுது என்று நினைத்து வைத்துவிடுவதாகவும் சொன்னார்.

“எடுக்கிறது எடுக்காதது பிறகு. முதல் நான் அந்தப் பேரைக் கேக்கவேணும்.”

8

அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவருக்காக இட்டுக்கட்டிப் பார்த்தேன். முடியவில்லை. என் பெயரைக் கேட்டு என்னைக் காப்பாற்றிய மனிதருக்கு ஒரு பெயரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முடியவில்லை. எனக்கு அழுகைதான் வருகிறது.

ஆகவே இதை உங்களிடம் தருகிறேன். செவ்வாய்க்கிழமை, நாலு மணி பத்து நிமிடம். பதினாலாம் மாடிச் சமையலறை. களையாத அரிசி சட்டியில் இருக்கிறது. சுவரில் தொலைபேசி அடிக்கிறது. அவர் இன்னும் வேலையால் வரவில்லை. நீங்கள்தான் நிற்கிறீர்கள்.

எடுங்கள். ஒரு பெண்குரல், எங்கள் மொழி தெரியாத பெண், கலெக்ற் கோல் என்பாள். போர்ட் ஒஃப் ஸ்பெயின் என்பாள். அந்த இடத்தில் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். வாயில் ஒரு பதில் தயாராக வந்து நிற்கும். சொல்லாதீர்கள். சிரிக்கவும் வேண்டாம். அவள் சொல்லி முடிக்கட்டும்.