ஆறாம் கட்டிலின் அட்டை

நாலு மணிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அக்காவுக்கு டீ கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது.

"இதுக்குப் பேரு டீயா? பாத்திரம் கழுவுன தண்ணிய வடிகட்டி எடுத்துட்டு வந்தியா?" என்றாள். பக்கவாதம் வாயை ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் வசவு தெளிவாகவே வந்தது.

"வாயை மூடிக்கிட்டுக் குடிக்கா."

"வாயை மூடிக்கிட்டு எப்படிடி குடிக்கிறது, அறிவுகெட்டவளே?"

இருவரும் சிரித்தோம். மூன்றாவது மடக்கில் இருமினாள். சிரித்ததில் புரையேறிவிட்டது என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன். மறுநாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அக்கா போய்விட்டாள்.

டீ நுரையீரலுக்குள் இறங்கியதுதான் காரணம் என்றார்கள். குடிக்க எதுவும் தரக்கூடாது என்ற எச்சரிக்கையைக் குடும்பத்தார் மீறினார்கள் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. அக்காவின் மகன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"உங்ககிட்ட சொல்லியிருந்தாங்களா, சித்தி?"

"இல்லப்பா."

"பின்ன, எச்சரிக்கைன்னு எழுதியிருக்கே?"

அதன்பிறகு அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. நான் வழக்குப் போட்டது அவன் ஒருவன் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

எச்சரித்தவர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச மட்டுமல்ல, விழுங்கவும் பழக்குகிறவர். டீ கொடுத்த நாள் காலை நான் குளித்து உடை மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துச் சோதித்திருக்கிறார். "ஸ்பூன்காரி ஒருத்தி வந்தா. நாலு சொட்டு குடுத்துட்டுப் போயிட்டா, கஞ்சப் பிசினாறி" என்று அக்கா என்னிடம் புகார் சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் வழக்கறிஞர் ஸ்பூன்காரியைத் தேடிப் பிடித்தார். வார்டு கோப்பில் டாக்டருக்குப் பக்கம் உண்டு, நர்ஸுக்கு உண்டு, அவருக்குக் கிடையாது. அதனால் சோதனை முடிவைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, ஓர் அட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டிவிட்டுப் போவார். அன்று பத்து மணிக்கு, குடிக்க எதுவும் தரக்கூடாது என்ற அட்டையை அக்கா இருந்த ஆறாம் கட்டிலில் மாட்டினார். பதினொரு மணிக்கு அக்காவை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அட்டை மாறவில்லை. ஆறாம் கட்டிலுக்கு வந்த, கால் உடைந்த மனிதர் ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீர் கேட்டு எல்லோரோடும் சண்டை போட்டாராம்.

இதையெல்லாம் ஸ்பூன்காரி நீதிமன்றத்தில் சொல்ல வந்தபோது மருத்துவமனையின் வக்கீல் எழுந்தார். சிகிச்சையைப் பற்றிய குறிப்பும் கருத்தும் மருத்துவத் தொழில் செய்பவரிடமிருந்து வந்தால்தான் சாட்சியம் என்றார். அப்படிப்பட்டவர் யார் என்று விதியிலேயே பட்டியல் இருந்தது: மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எழுதிய பட்டியல்.

நீதிபதி அதை இரண்டு முறை படித்தார்.

"இந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கலை. ஆனா பட்டியல்ல இவங்க இல்ல. நானா பேனாவை எடுத்துச் சேர்க்க முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "விதிகளைத் திருத்த ஒரு குழு உட்கார்ந்திருக்கு. எல்லார்கிட்டயும் கருத்து கேக்குறாங்க. எழுதிப் போடுங்கம்மா. அதுவரைக்கும் தள்ளி வைக்கிறேன்."

வெளியே வந்ததும் ஸ்பூன்காரி சொன்னார்: "பதினாலு வருஷமா இந்த வேலை பாக்குறேன். பல்லைப் பாக்குறவர் இருக்காரு, தொண்டையைப் பாக்குறவ இல்லையாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லையேங்க."

இருவரும் எழுதிப் போட்டோம். நான் ஒன்றரைப் பக்கம். அவர் ஒன்பது பக்கம். ஒரு வருடமும் மூன்று மாதமும் கழித்துப் புது விதி வந்தது. பட்டியலை எடுத்துவிட்டார்கள். சட்டப்படி பதிவு பெற்று உடல்நலம் பேணும் தொழில் செய்கிற எவரும் என்று இருந்தது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கும் பொருந்தும் என்று கடைசியில் ஒரு வரி.

ஸ்பூன்காரி மறுபடி கூண்டேறினார். கடைசி பெஞ்சில் அக்காவின் மகன் உட்கார்ந்திருந்தான்.

"அட்டை மாட்டினீங்க, சரி. குடும்பத்துக்கிட்ட சொன்னீங்களா?" என்று மருத்துவமனை வக்கீல் கேட்டார்.

"இல்ல சார். அப்ப கூட யாரும் இல்ல. சாயங்காலம் வந்து சொல்லிக்கலாம்னு போனேன். வேற வார்டுல வேலை இழுத்துருச்சு." என் பக்கம் திரும்பினார். "சொல்லாதது என் தப்பு. அந்தம்மா மேல எதுவும் இல்ல."

வெளியே வராந்தாவில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எதுல வந்தீங்க, சித்தி?"

"பஸ்லதான்."

"வாங்க, நான் கொண்டுவந்து விடுறேன்."

அடுத்த மாதம் தீர்ப்பு நகல் வந்தது. அவனே வாங்கி வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்தான். எச்சரிக்கையைத் தெரிந்துகொள்ள உடனிருந்தவருக்கு வழியே இருக்கவில்லை என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தான். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனான்.

"அம்மா வயசைத் தப்பாப் போட்டிருக்காங்க, சித்தி. அம்பத்தெட்டாம்."

ஆஸ்பத்திரியில் சேரும்போது, இழுத்துக்கொண்ட வாயோடு அக்காவே சொன்ன கணக்கு அது. அப்போது அவளுக்கு அறுபத்தொன்று.

"திருத்தச் சொல்லி மனு போடலாமா?"

"உங்கம்மா உன்னைச் சும்மா விடுவாளா?" என்றேன்.

நாங்கள் மனுப் போடவில்லை. தீர்ப்பில் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதுதான்.