மண்ணெண்ணெயில் ஓடிய பிறின்டர்

போர் நிறுத்தம் வந்து வன்னிக்குப் பாதை திறந்த பிறகு ஜெகதீஸ்வரி அக்கா முல்லைத்தீவுச் சந்தைக்குப் பக்கத்தில் கணினிக் கடை போட்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு அங்கே தட்டச்சு வேலை. ஆட்கள் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன்.

கணினி லினக்ஸில் ஓடியது. தமிழ் எழுத்து அழகாக வந்தது. வவுனியாவில் வாங்கிய பழைய பிறின்டர்தான் அசையவில்லை. கணினி காட்டிய பட்டியலில் அதன் பெயரே இல்லை.

“பின்னேர லொறியில திருப்பி அனுப்பப் போறன். பிறின்டர் இல்லாமல் உன்னை வைச்சு நான் என்ன செய்யிறது, பிள்ளை?” என்றார் அக்கா.

கணினிக்கு முன்னால் இருந்த அந்தக் கதிரையை விட்டு எழும்ப எனக்கு மனமில்லை.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, இப்போதுதான் புத்தளத்திலிருந்து திரும்பியிருந்த சரீப் நானா, தன் கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்து காத்திருந்தார். “என்ன தங்கச்சி, மெசினுக்கு உள்ள வர ஒருத்தரும் பாஸ் குடுக்கேல்லையோ?”

ஒரு பொத்தானை அமத்தியபடி பிறின்டரின் சுவிச்சைப் போட்டால் சோதனைத் தாள் வருமென்று பெட்டியில் படம் இருந்தது. செய்து பார்த்தேன். வந்த தாளின் அடியில், இன்னொரு கொம்பனியின் பிறின்டரைப் போலவும் இது இயங்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

பெற்றோல் உள்ளே வராத தடைக் காலத்தில் அப்பா மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுவார்; ஏமாந்த எஞ்சின் புகை கக்கிக்கொண்டு ஓடும்.

“அக்கா... மண்ணெண்ணெய் விட்ட மாதிரி, இதுக்கு வேற பேர் சொல்லிப் பாப்பமே?”

“ஆருக்குச் சொல்லுறது?”

“கொம்பியூட்டருக்கு.”

நானா சிரித்தார். “கள்ளப் பேரோ? பிடிபட்டால் என்னைக் காட்டிக் குடுத்திடாதை.”

கணினியின் பட்டியலில் அந்தக் கொம்பனியின் பெயரில், எழுத்தைக் குத்தி அடிக்கும் ஊசிகளின் கணக்கில் இரண்டு வகைகள் இருந்தன: இருபத்துநான்கு ஊசி, ஒன்பது ஊசி. பெரியதுதான் நல்லதென்று முதலாவதைத் தெரிவு செய்தேன். எழுத்துகள் பிய்ந்து சிதறி வந்தன.

“புகை அடிக்குது,” என்றார் நானா.

அக்கா லொறியைப் பார்க்க வாசலுக்குப் போனார். நான் பிறின்டரின் மூடியைத் திறந்து, அச்சடிக்கும் தலையை உற்றுப் பார்த்தேன். ஒற்றை வரிசையில் ஒன்பது ஊசிகள். மற்ற வகையை மாற்றிக் கொடுத்தேன்.

கரகரவென்று தாள் நகர்ந்தது; சத்தம் கேட்டு அக்கா திரும்பி வந்தார். ‘சரீப் ஸ்ரோர்ஸ் மீண்டும் திறக்கப்படுகிறது.’ கொம்பும் சுழியும் அதனதன் இடத்தில் இருந்தன.

நானா தாளை இழுக்கவில்லை. முழுதாக வரும்வரை குனிந்து நின்றார். ‘மீண்டும்’ என்ற சொல்லில் விரலை வைத்தார். “அல்ஹம்துலில்லாஹ்.”

லொறிக்கார வீரையா உள்ளே எட்டிப் பார்த்தார். “எங்கை சாமான்?”

“அது போகாது. வேலை செய்யுது,” என்றார் அக்கா.

“ஆர் திருத்தினது?”

அக்கா வாயெடுக்க முன்னம் நான் எழும்பிவிட்டேன்.

“நான்தான் செய்தனான்.”