டியூப்பில் பூத்த வெள்ளை

கேஸ்காரன் வாயிலிருந்து ‘ஒண்ணும் ஆகாது’ என்ற வார்த்தை வந்தால் நம்பாதீர்கள். சொல்வது வேறு யாருமல்ல, இருபத்திரண்டு வருடமாகச் சமையல் காண்ட்ராக்டர்களுக்கு சிலிண்டர் இறக்கும் நிஜாமுதீன்தான். அந்த வார்த்தையைச் சொல்லி ஒரு மனிதரைக் கொன்றவன்.

அந்த மனிதர் ஸ்ரீரங்கம் அழகியமணவாளன். கல்யாணச் சமையலில் நல்ல பெயர். காட்டூரில் ஒரு மண்டபத்தில் தீப்பிடித்து அவர் போய் வருஷம் திரும்பப் போகிறது. போன வாரம் அவர் மனைவி கமலவல்லி மாமி எனக்கு போன் செய்தார்.

“பாய், வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்ராத்தம். அவர் போனப்புறம் ஆத்துல கரண்ட் அடுப்புதான், அதுல அந்தத் தளிகை பண்ணப்படாது. ஒரு சிலிண்டர் கொண்டுவந்து நீங்களே மாட்டிக் குடுங்கோ. வேற யாரையும் நம்ப பயமா இருக்கு.”

நம்புவதற்கு நல்ல ஆளைப் பார்த்தாரே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் புதன்கிழமை காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வண்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் ஒருதரம் வண்டியைத் திருப்பப் பார்த்தேன்.

கொல்லைத் தாழ்வாரத்தில் சிலிண்டரை வைத்து, டியூப்பை மாட்டி, மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிவு இல்லை. பின்னால் நின்ற மாமி, கூடத்தில் மாட்டியிருந்த கணவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தேளா, பாய் எவ்வளவு ஜாக்கிரதையா பாக்கறார். உங்களுக்கு இந்தப் புத்தி ஏன் இல்லாம போச்சு?”

“தினம் இதே பாட்டுதான் பாய்,” என்றாள் மகள் ஹம்ஸா. காலேஜ் கடைசி வருஷம். “காபி கலக்கறப்போ ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் அப்பாவுக்குத் திட்டு.”

“திட்டாம? முப்பது வருஷம் அடுப்படியில நின்னவர். கவனக்குறைவுன்னு பேப்பர்லயே போட்டுட்டான். இவளை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்திருந்தா இப்படிப் போயிருப்பாரா?”

அதற்குமேல் கேட்டுக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“மாமி, அவர் மேல தப்பில்ல. தப்பு என்னுது.”

ஒரு வருடமாக வண்டிப் பெட்டியில் கிடந்த பித்தளை அடாப்டரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைத்தேன். சிலிண்டருக்குள் கேஸ் தண்ணீர் மாதிரிதான் கிடக்கும், மேலே கொஞ்சம் ஆவி நிற்கும். சாதா சிலிண்டரின் வால்வு அந்த ஆவியை மட்டும் வெளியே விடும். இன்னொரு வகை சிலிண்டர் உண்டு, கம்பெனிகளுக்குப் போவது. அதன் வால்விலிருந்து ஒரு குழல் அடிவரை இறங்கும், இளநீரில் ஸ்ட்ரா போட்ட மாதிரி. திறந்தால் திரவமே ஏறி வரும். அதைச் சூடாக்கி ஆவியாக்கத் தனி மெஷின் வேண்டும். மெஷின் இல்லாமல் நேரே அடுப்புக்கு விட்டால், ஒரு டம்ளர் திரவம் இருநூறு டம்ளருக்கு மேல் ஆவியாக விரியும். எந்த அடுப்பும் தாங்காது.

“அன்னிக்குப் பெரிய முகூர்த்தம். சாதா சிலிண்டர் தீந்துபோச்சு, இந்த வகைதான் கையில இருந்துச்சு. வாய் அளவு சேரல. இந்த அடாப்டரைப் போட்டு நான்தான் சேத்தேன்.”

“அவருக்குத் தெரியலையா?”

“சந்தேகப்பட்டாரு மாமி. சின்ன அடுப்பைப் பத்த வச்சதும் எனக்கு போன் போட்டாரு. ‘பாய், தீ துப்பறது. டியூப் வெள்ளையா பூத்திருக்கு, தொட்டா ஐஸா இருக்கு’ன்னாரு. உள்ள திரவம் ஓடுதுன்னு அதுக்கு அர்த்தம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும், ‘தை மாசத்துப் பனி சாமி, ஒண்ணும் ஆகாது, பெரிய அடுப்பையும் திறங்க’ன்னேன். அவர் திறந்தாரு, தீ கூரை வரைக்கும் பாஞ்சுடுச்சு.”

மாமி அடாப்டரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஹம்ஸாதான் கேட்டாள். “தானா மூடிக்கற மாதிரி அதுல எதுவும் இருக்காதா?”

“இருக்கும்மா. டியூப் அறுந்து ஒரேயடியாப் பாஞ்சாதான் அது மூடும். அன்னிக்கு எதுவும் அறுகல. யாராவது கிட்டப் போய்க் கையால திருகித்தான் மூடணும்.”

“யார் மூடினா?” என்றார் மாமி.

நான் மண்டபத்துக்கு ஓடியபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போலீஸ் வருவதற்குள் அடாப்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன், பாவி. அப்போதுதான் வால்வைப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது.

“அவர்தான் மாமி. வாசல் பக்கம் ஓடியிருக்கலாம். அவர் சிலிண்டர் பக்கம் போயிருக்காரு. மாடியில முந்நூறு பேர் உக்காந்திருந்தாங்க மாமி.”

மாமி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். “மத்த இடத்தைவிட உள்ளங்கை இப்படி வெந்திருக்கே, எதைப் பிடிச்சார்னு டாக்டர் கேட்டார். வாணலியைப் பிடிச்சிருப்பார், அசடுன்னு நான் சொன்னேன்.”

கூடத்துக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றார். “வருஷம் பூரா வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டேனே. கேட்டுண்டே இருந்தேளே.” அழுதார். என்னை ஏசியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

“நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன் மாமி,” என்றேன்.

“அது உங்க பாடு.” அவர் திரும்பவில்லை. “வெள்ளிக்கிழமை அவர் மனுஷா எல்லாரும் வருவா. வாசல்ல நின்னு அவாகிட்ட இதைச் சொல்லணும். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேளே, அதையும் சேத்து.”

“வரேன் மாமி. ஸ்டேஷனுக்கு அதுக்கப்புறம் போறேன்.”

வண்டியை எடுக்கும்போது ஹம்ஸா வெளியே வந்தாள். நான் மறந்து வைத்துவிட்டு வந்த அடாப்டர் அவள் கையில் இருந்தது.

“போன்ல நிஜத்தைச் சொல்லியிருந்தா அப்பா என்ன பண்ணியிருப்பார்?”

“மூடிட்டு வெளிய வந்திருப்பாரும்மா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”